உரலும் தேயும்

உரல் என்ற பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. இருபது வருடம் ஹெவிவெயிட் குத்துச்சண்டை ஆடியவர். அந்த இருபது வருடத்தில் பெரிய கை படைத்த எவனும் அவரை நாலு இடி இடிக்காமல் மேலே ஏறியதில்லை. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் கோபப்பட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. இப்போது ஐம்பத்தெட்டு வயதில் சரக்குக் கிடங்கு வாசலில் லாரி எடை போடும் மேடைக்குப் பொறுப்பாளர். லாரி டிரைவர்களும் உரல் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிமெண்ட் லாரி ஒன்று மேடையில் நிற்கும்போது, குத்துச்சண்டைக் கிளப்பின் செயலாளர் ஒரு சுருட்டிய சார்ட் தாளோடு அவருடைய கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். செயலாளர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாழ்க்கையில் யாரிடமும் ஒரு குத்துகூட வாங்காதவர், ஆனால் குத்துகளைப் பற்றி அவர் கையில் இல்லாத புள்ளிவிவரம் கிடையாது. கரையில் நின்றபடி ஆழம் சொல்கிற ஆட்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் உரல். அறைக்கு வெளியே இடதுபக்கம் அவரே கம்பம் நட்டு மாட்டிய வட்டக் கண்ணாடி இருந்தது. தலையை லேசாகத் திருப்பி அதைப் பார்த்தார். “பின் சக்கரம் விளிம்புல நிக்குது. முன்னால எடுப்பா. எத்தனை தடவை சொல்றது.”

டிரைவர் முனகிக்கொண்டே வண்டியை நகர்த்தினான். சிவப்பு எண்கள் ஏறி நின்றன. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உரல் திரும்பியபோது வாத்தியார் மேசைமேல் சார்ட்டை விரித்து, நான்கு மூலையிலும் கையில் கிடைத்ததை எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்று உரலின் சாப்பாட்டு டப்பா.

“நம்ம கிளப்புக்கு அறுபது வருஷம் ஆகுதுண்ணே. புது ஹால் ரெடி. கிளப்புல உருவான ஹெவிவெயிட்லயே பெரிய ஆள் யாரோ அவர் பேரைத்தான் ஹாலுக்கு வைக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கோம். மூணு காலம், மூணு சாம்பியன். படகுக்காரர், தச்சர், நம்ம கோபுரம். ஒருத்தரோட ஒருத்தர் மோதினதே இல்ல. அப்புறம் எப்படி ஒப்பிடுறது? அங்கதான் நீங்க வர்றீங்க.”

“நானா?”

“மூணு பேரோடயும் மோதின ஒரே ஆள் நீங்கதானே. உங்களை முடிக்கப் படகுக்காரருக்கு ஒன்பது ரவுண்டு ஆச்சு. தச்சருக்கு ஆறு. கோபுரத்துக்கு ரெண்டே ரெண்டு. அளவுகோல் ஒண்ணு, அளவு மூணு. காலம் போகப் போக ஹெவிவெயிட்டோட தரம் ஏறிக்கிட்டே வந்திருக்குன்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்ல முடியும்?”

இதை ஹால் வாசலில் ஆளுயரப் பலகையாக வைக்கப்போகிறார்களாம். ஒன்பது, ஆறு, இரண்டு. கீழே, கோபுரத்தின் காலடியில் உரல் மல்லாந்து கிடக்கும் பழைய புகைப்படம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில் உரல் மேடையேறி, மூன்று பேரில் கோபுரம்தான் கடுமையாக அடித்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படகுக்காரரும் தச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோபுரம் இருக்கிறார், கிளப்பின் தலைவராகவே இருக்கிறார். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

“வர்றேன்,” என்றார் உரல். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். சார்ட்டின் அந்த மூலை சுருண்டு, இரண்டு என்ற எண்ணின்மேல் போய்ப் படுத்தது.

அந்த இரண்டுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. பத்தொன்பது வருடமாக உரல் அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. கோபுரத்தோடு மோதுவதற்குப் பத்து மாதம் முன்னால், பயிற்சியின்போது ஒருவனுடைய கிளவுஸின் கட்டைவிரல் அவருடைய இடது கண்ணுக்குள் போனது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. கண் டாக்டரிடம் போனால் அன்றோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போடச் சொல்வார். முப்பத்தொன்பது வயதில், மூன்றாவது காலத்துச் சாம்பியனோடு நிற்க வாய்ப்பு வந்திருக்கிறது, அதை விடுவதா என்ற வீம்பு. போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டர் வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னபோது, பலகையிலிருந்த எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு ரிங்குக்குள் போனார்.

கிடங்கிலும் வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. அங்கேயும் அதே அச்சகத்தில் அடித்த அதே பலகைதான். இன்னும் இரண்டு தடவை ஒப்பித்தால் ஓய்வு பெற்றுவிடலாம். வாயைத் திறந்தால் எடைமேடை போய்விடும். திறக்காவிட்டால் ஒன்பது, ஆறு, இரண்டு என்ற பலகை அவர் காலத்துக்குப் பிறகும் ஹால் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“போய் ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்களேன். ஒரு வார்த்தைதானே.”

“அந்த ஒரு வார்த்தையில ரெண்டு பேரை மறுபடி சாகடிக்கணும். படகுக்காரர் என்னை எப்படி அடிச்சார்னு உனக்குத் தெரியாது. நீ அப்ப வந்து சேரல.”

“அப்ப போகாதீங்க.”

“நான் போகலைன்னா சார்ட் பேசும்.”

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப என்ன யோசனை? உரலுக்குள்ள தலையை விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்து ஆகப்போறது என்ன? நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. புது ஹாலில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், கிடங்கு நிர்வாகம் நன்கொடையாகக் கொடுத்தவை. அந்த நன்றிக்காகக் கிடங்கு மேனேஜரை இரண்டாவது வரிசையில் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் சுவரோரம் பெஞ்சுகளில் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட மூக்கு நேராக இல்லை. உரலைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்கள்.

மேடையில் கோபுரம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்துமூன்று வயது. ஆட்டத்தை விட்டு ஆறு வருடமாகிறது, உடம்பு அவரை விடவில்லை. கோட்டின் பட்டன் ஒன்று எந்த நேரமும் தெறித்துவிடுவேன் என்று நின்றது. அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இருபது வருடமாக எல்லோரும் பெரிய ஆள், பெரிய ஆள் என்று சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பிவிட்டார். அவ்வளவுதான்.

வாத்தியார் குச்சியோடு எழுந்து, மேடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றார். எடையில் ஆரம்பித்தார். படகுக்காரர் எண்பத்தாறு கிலோ, தச்சர் தொண்ணூற்று நாலு, கோபுரம் நூற்றுப்பன்னிரண்டு. நிறை கூடினால் விசை கூடும் என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னார். அந்தக் காலத்தில் ஹெவிவெயிட் என்று ரிங்கில் ஏறியவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு ஏற முடியாது என்றார். அப்புறம் குச்சி ஒன்பதுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, இரண்டில் வந்து டொக் டொக்கென்று தட்டி நின்றது. கைதட்டல். கோபுரம் கூச்சப்படுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“இனி நம்ம அளவுகோலே வந்து பேசும்,” என்றார் வாத்தியார்.

உரலுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இருபது வருடம் ரத்தம் சிந்தியதற்கு மிச்சம் ஒரு குச்சியாகும் பேறா? மேடையேறினார். மைக் கீச்சிட்டு அடங்கும் வரை காத்திருந்தார்.

“நான் இப்ப லாரி எடை போடுறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசர் வருவார். முத்திரை குத்தின இரும்புக் கல்லையெல்லாம் கொண்டுவந்து மேடையில அடுக்கிப் பார்ப்பார். லாரி என்ன எடைன்னு கேட்கவே மாட்டார். மொதல்ல தராசு சரியா இருக்கான்னு பார்ப்பார். நம்ம வாத்தியார் சார் மூணு லாரியை எடை போட்டிருக்கார். தராசைப் பார்க்கல.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

“படகுக்காரரோட மோதினப்ப எனக்கு இருபது வயசு. அவருக்கு முப்பத்தேழு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் படகுல மூட்டை இறக்கிட்டு வந்து ரிங்குல ஏறினார். அந்தக் காலத்து கிளவுஸ்ல திணிச்சது நாலாவது ரவுண்டுல ஓரமா ஒதுங்கிடும். அப்புறம் வர்றது எலும்புதான். அந்த எலும்பை ஒன்பது ரவுண்டு வாங்கினேன்னா, அவர் அடி லேசுன்னு அர்த்தமில்ல. எனக்கு இருபது வயசுன்னு அர்த்தம். விழணும்னே தெரியாத வயசு.”

உரல் சார்ட்டில் ஆறு என்ற எண்ணைக் காட்டினார்.

“தச்சரோட மோதினப்ப இருபத்தொன்பது. அன்னிக்கு இருந்த நான்தான் நான். அஞ்சு ரவுண்டு முடிஞ்சப்ப பாயிண்டுல நான் முன்னால. ஆறாவதுல என் புருவம் கிழிஞ்சு ரெஃப்ரி நிறுத்திட்டார். என் வாழ்க்கையிலேயே நல்ல ராத்திரி அதுதான், அதையும் அந்தச் சார்ட்ல தோல்வின்னுதான் போட்டிருக்கீங்க. அப்புறம் நம்ம கோபுரம் தம்பியோட மோதினப்ப முப்பத்தொன்பது. மூணு பேரும் என்னைத்தான் இடிச்சாங்க, சரி. ஆனா உலக்கை மாறிக்கிட்டே இருந்துச்சு, உரல் அப்படியே இருந்துச்சுன்னு நெனச்சீங்க பாருங்க, அங்கதான் கணக்கு தப்பு. உரலும் தேயும் சார்.”

பழைய ஆட்டக்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். கோபுரத்தின் முகம் சிவந்துவிட்டது. மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது.

“அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அதுக்காக, ரெண்டு ரவுண்டுல விழுந்ததுக்கு இத்தனை வருஷம் கழிச்சுச் சாக்குச் சொன்னா எப்படி? வயசு ஆச்சுன்னா ஆடாம இருந்திருக்கணும். நல்லா இருக்கீங்கன்னு டாக்டர் சொல்லித்தானே ரிங்குக்கு வந்தீங்க?”

இத்தோடு இறங்கிவிடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்டவர்கள் கேட்டார்கள். உரல் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். மேனேஜர் செல்போனை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மனைவி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. இரண்டே வருடம். வாயை மூடிக்கொண்டால் இரண்டே வருடம்.

வாயை மூடிக்கொண்டு இருந்ததெல்லாம் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

“டாக்டர் சொன்னது தப்பு தம்பி. எனக்கு இடது கண்ணு தெரியாது. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது.”

“பொய்,” என்று கோபுரம் எழுந்துவிட்டார். “டாக்டர் உங்களைப் படிக்கச் சொன்னப்ப நான் உங்களுக்கு அடுத்த ஆளா நின்னுக்கிட்டு இருந்தேன். வலது கண்ணை மூடிக்கிட்டுக் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. என் காதால கேட்டேன்.”

“படிக்கல. ஒப்பிச்சேன்.”

உரல் வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். ஹால் மொத்தமும் இருட்டானது. அந்த இருட்டைப் பார்த்துக் கடைசி வரியைச் சொல்ல ஆரம்பித்தார். “ட, ப, ம…”

“ய, ந, ச, ர,” என்றது பின் பெஞ்சு.

ஒரு குரல் இல்லை, ஏழெட்டுக் குரல்கள். சிலேட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே ராகத்தில் இழுத்துச் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவர்களுக்கே உறைத்தது. ஒருவர் இருமினார். ஒருவர் கூரையில் காற்றாடியைப் பார்த்தார். டாக்டர் அறையில் அதே பலகை அதே ஆணியில் இருபத்தைந்து வருடம் தொங்கியது. வரிசையில் முன்னால் நிற்பவன் சத்தமாகப் படிப்பான், பின்னால் நிற்பவன் கேட்டுக்கொண்டே நகர்வான். அந்தக் கிளப்பில் வளர்ந்தவனுக்கு முதல் குத்துக்கு முன்னால் அந்த வரி வந்துவிடும். தன் ஒருவனுடைய களவு என்றுதான் உரல் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

கையை எடுத்தார். எதிரே கோபுரத்தின் உதடு ‘ர’வில் பாதி திறந்தபடி நின்றிருந்தது. முன்வரிசையும் அதைப் பார்த்துவிட்டது. கோபுரம் வாயை மூடினார். கொஞ்சம் தாமதம்.

வாத்தியார் குச்சியை மேசைமேல் வைத்தார். “அப்படின்னா எல்லார் ரெக்கார்டும்…” என்று ஆரம்பித்து, அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரிந்து, உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டாவது ரவுண்டுல,” என்றார் கோபுரம். குரல் இறங்கியிருந்தது. “நான் போட்ட அந்த ரைட். அந்தப் போட்டோவை இன்னிக்கு வரைக்கும் என் வீட்டு ஹால்ல மாட்டி வெச்சிருக்கேன்.”

“உங்க வலது கை எனக்கு இடது பக்கமா வரும் தம்பி. அதை நான் இன்னிக்கு வரைக்கும் பார்த்ததே இல்ல. இந்த நாட்டுலேயே அதுதான் பெரிய கைன்னு சாட்சி சொல்லச் சொல்றீங்க. பார்க்காத ஒண்ணுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது?”

கோபுரம் நாற்காலியை ஒதுக்கித் தள்ளினார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மேடைப் பலகை அவர் எடைக்கு முனகியது. உரலுக்கு எதிரே நின்றவர், ஒரு கணம் யோசித்து, இரண்டடி நகர்ந்து அவருடைய வலது பக்கமாக வந்து நின்றார். பிறகு கோட்டைக் கழற்றாமலே அந்தப் புகழ்பெற்ற வலது கையை விட்டார்.

முழுவேகம் இல்லை, விளையாட்டும் இல்லை. பாதி ஹால் எழுந்து நின்றது. உரல் தலையை இரண்டு விரல்கடை சாய்த்தார். முஷ்டி காதோரம் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு போனது. அது திரும்புவதற்குள் உரலின் இடது கை எங்கிருந்தோ வந்து கோபுரத்தின் தாடைக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. ஐம்பத்தெட்டு வயதுக் கை, பழைய வேகம் இல்லை. ஆனால் வர வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது.

“நல்ல கைதான்,” என்றார் உரல். “பார்த்தா தெரியுது.”

கோபுரம் அந்த அங்குலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சார்ட்டை ஆணியிலிருந்து கழற்றி, வாத்தியாரின் மடியில் போட்டார்.

“அப்ப ஹாலுக்கு யார் பேருங்க வைக்கிறது?” என்றார் வாத்தியார் பாவமாக.

“யார் பேரையாவது வைங்க சார்,” என்றார் உரல். “ஆனா செத்தவங்களை என் முதுகுல ஏத்தித் தராசுல நிறுத்தாதீங்க. மூணு காலத்துல எது பெருசுன்னு எனக்குத் தெரியாது. மூணு காலத்துலயும் ஓடி ஒளியாம நின்னவன் ஒருத்தன்தான். அது மட்டும் தெரியும். என் மல்லாந்த போட்டோவை வாசல்ல வெச்சா நானே வந்து பிடுங்கிடுவேன்.”

கூட்டம் டீ வருவதற்குள் கலைந்தது. பின் பெஞ்சு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் அவர் கண்ணை நேராகப் பார்க்கவில்லை, தங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். வாசலில் மேனேஜர் காத்திருந்தார்.

“உரல் சார், நாளைக்குக் காலையில கண் டெஸ்ட்டுக்கு வந்துடுங்க.”

“வர்றேன். பலகையை மட்டும் மாத்தி வைங்க. அது எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே மனப்பாடம்.” உரல் ஓரடி முன்னால் போனார். “டெஸ்ட் எடுத்த கையோட இந்தப் பதினஞ்சு வருஷத்து எடைச் சீட்டையும் எடுத்துப் பாருங்க சார். ரெண்டு கண்ணு இருக்கிறவங்க எத்தனை பேர் இந்த மேடையில உட்கார்ந்துட்டுப் போனாங்க, எத்தனை சக்கரத்தை விளிம்புல கவனிக்காம விட்டாங்கன்னும் சேர்த்துப் பாருங்க. அப்புறம் அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க. நான் கெஞ்ச மாட்டேன்.”

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வெயில் ஏறியிருந்தது. கணவனும் மனைவியும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனபோது அவள் அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவருடைய இடது முழங்கை. அப்போதுதான் அவருக்கு அது பட்டது. கடைத்தெருவில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மகளின் கல்யாணத்தில், பஸ் நிறுத்தத்தில், எங்கே போனாலும் அவள் இந்தப் பக்கம்தான். அவர் நின்றுவிட்டார்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டாவது ரவுண்டுலேர்ந்து.” அவள் அவரைப் பார்க்கவில்லை, போகிற பஸ்ஸைப் பார்த்தாள். “மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை கிளம்பினதை நான் பார்த்தேன். நீங்க பார்க்கல.”

“தெரிஞ்சும் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கலையே.”

“கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் கேட்கல. நடங்க, வெயில் அடிக்குது.”

அவர் நடந்தார். அவள் இடது பக்கமாகவே வந்தாள்.